கிறிஸ்துதாஸ் போட்ட படை

நான் ஒரு சந்தேகப் பிராணி. என் மனைவி சரோஜா, கல்யாணமான முதல் வாரத்திலேயே இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். காய்கறிக்காரி எடை போட்டால் நான் தராசைப் பார்க்க மாட்டேன், அவள் கண்ணைப் பார்ப்பேன். வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தேன். அந்தக் கடையின் ஒரு மூலையில் கிளைத் தபால் ஆபிசையும் நடத்தினேன். ஊருக்கு வருகிற கடிதமும் ஊரிலிருந்து போகிற கடிதமும் என் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். இப்படிப்பட்ட ஆளுக்கு இப்படி ஒரு வேலையைக் கொடுத்தது யாருடைய தப்போ தெரியாது. கிறிஸ்துதாஸின் கதையை அந்தத் தப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கிறிஸ்துதாஸ் மாதா கோயில் தெருக்காரன். ஒல்லியான ஆள். அதிகம் பேச மாட்டான், பேசினால் சுருக்கென்று தைக்கும். பூந்தமல்லியில் லாரிக்கு பாடி கட்டுகிற ஷெட்டில் பெயின்ட் அடிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு பரங்கிமலையில் ராணுவ வண்டிகளுக்குப் பச்சை அடிக்கிற கான்ட்ராக்டில் பத்து வருஷம் இருந்தான். கான்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்கு வந்து போர்டு எழுதிப் பிழைத்தான். என் கடை போர்டும் அவன் எழுதியதுதான். எழுதி முடித்து ஏணியிலிருந்து இறங்கியவன், நாலு பேர் நிற்கும்போது என்னைக் கேட்டான்.

"மாஸ்டரே, ஒரு டவுட்டு. கார்டைப் படிச்சிட்டுக் குடுக்கறீங்களா, குடுத்துட்டுப் படிக்கறீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து அவன் மேல் எனக்கு ஒரு கண்.

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை நடந்து முடிந்தது. அடுத்த வருஷம் கிறிஸ்துதாஸுக்குக் குன்னூரிலிருந்து பார்சல் வர ஆரம்பித்தது. அனுப்பியவர் மேஜர் ஜெபதாஸ், ராணுவத்தில் ஓய்வு பெற்றவர். பார்சலின் மேல் 'பொம்மைகள்' என்று எழுதியிருந்தது. தூக்கினால் கை இறங்கியது. பொம்மை இவ்வளவு கனமா? குலுக்கிப் பார்த்தேன், சத்தமே இல்லை. மோந்தும் பார்த்தேன். அவனையே கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவானே. சொல்லிவிட்டால் அப்புறம் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

உள்ளே இருந்தது என்னவென்று எனக்குத் தெரியவந்தது பின்னால்தான். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள். ஒவ்வொருவனும் இரண்டு அங்குல உயரம். மேஜருக்குப் பெரிய மேசையில் மணலைக் கொட்டி, பழைய சண்டைகளைச் சின்னதாக நிறுத்திப் பார்க்கிற பைத்தியம். அச்சில் வார்ப்பது அவர் வேலை, பெயின்ட் அடிப்பது கிறிஸ்துதாஸ் வேலை. பரங்கிமலையில் இவன் பிரஷ் பிடிக்கிற அழகைப் பார்த்திருந்தவர் அவர்.

ஒவ்வொரு சிப்பாயையும் காலி நூல்கட்டையின் மேல் மெழுகு வைத்து நிற்க வைப்பான். நூல்கட்டையைத்தான் கையில் பிடிப்பான், ஆளைத் தொட மாட்டான். முதலில் காய்ந்த களிமண் நிறம். அது உலர்ந்ததும் காவி நிறத்தில் திட்டுத் திட்டாக, அதன் மேல் பாதி ஏறி பாதி விலகி இலைப் பச்சை. மறைந்திருந்து சண்டை போடுகிறவர்களின் சட்டை அப்படித்தான் இருக்குமாம். இரண்டு திட்டு ஒரே அளவில் இருக்கக் கூடாது. இடது தோளில் இருப்பது வலது தோளில் இருக்கக் கூடாது. கோலம் போட்டுப் பழகிய அவன் மனைவி ஞானம்மா ஒருநாள் ஆசையாக உதவிக்கு வந்து, ஒரு சிப்பாயின் முதுகில் இரண்டு பக்கமும் சரிசமமாகத் திட்டு வைத்துவிட்டாளாம். "இப்டி அழகா இருந்தா சுட்டுடுவான்டி" என்று சொல்லிச் சுரண்டி எடுத்திருக்கிறான். பளபளப்பும் ஆகாது. அதற்காக டர்பன்டைனை அதிகமாகக் கலந்து மங்க அடிப்பான்.

இதற்குப் பெயர் வைத்ததும் ஞானம்மாதான். முதல் சிப்பாயைப் பார்த்ததுமே, "இன்னாய்யா இது, ஒடம்பெல்லாம் படை வந்தாப்ல கீது?" என்றிருக்கிறாள். தோலில் திட்டுத் திட்டாக வருமே, அந்தப் படை. அதிலிருந்து அந்த வீட்டில் சிப்பாய்க்குத் திட்டு வைப்பதற்குப் பெயரே 'படை போடுவது' என்று ஆகிவிட்டது. மேஜருக்கும் அப்படியே எழுதுவான்.

இது எதுவும் தெரியாத நான் பார்த்தது வேறு. ஒரு சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தேன். கிறிஸ்துதாஸ் கரையில் குந்தி உட்கார்ந்து, காய்ந்த புல்லில் எதையோ ஒளித்து வைத்தான். எழுந்து பின்வாக்கிலேயே பத்தடி நடந்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டு ஒரு சிட்டையில் எழுதினான். அவன் பார்த்த திசையில் ஸ்ரீபெரும்புதூர் ரோடு. ரோட்டில் அப்போது ஒரு மிலிட்டரி லாரி வேறு போனது.

மூன்றாம் நாள் மேஜருக்கு அவன் எழுதிய கார்டு என் கைக்கு வந்தது. படித்தேன். ஆமாம், படித்தேன்.

'ஐயாவுக்கு வணக்கம். இருபத்து நான்கு பேரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். மூன்று பேருக்குத் தலை இல்லை. எல்லோருக்கும் படை போட்டாகிவிட்டது. ஏரிக்கரையில் நிறுத்திப் பார்த்தேன். பத்தடியில் கண்ணுக்குத் தெரியவில்லை. தலைகள் வந்ததும் அனுப்பிவைக்கிறேன்.'

நீங்களே சொல்லுங்கள், இதைப் படித்தவன் என்ன நினைப்பான்? இருபத்து நான்கு பேர் ஊருக்குள் வந்திருக்கிறார்கள். மூன்று தலை போயிருக்கிறது. ஏரிக்கரையில் படை இறங்கியிருக்கிறது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் அவனுக்கு ரிஜிஸ்தர் தபால் வந்தது. ராணுவ வண்டிகள் செய்கிற ஒரு ஆலையில், பெயின்ட் பிரிவில் நிரந்தர வேலை. மேஜரின் சிபாரிசு. போலீஸ் விசாரணை அறிக்கை நல்லபடியாக வந்தால் முப்பது நாளுக்குள் சேரலாம் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவன் பிரித்துப் படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மறுபடி எடுத்து என்னிடம் நீட்டினான்.

"ஒருவாட்டி சத்தமா படிங்க மாஸ்டரே. என் காதால கேக்கணும்."

படித்தேன். அவன் கண் கலங்கிவிட்டது. நாற்பத்திரண்டு வயசு. அதுவரை தினக்கூலியைத் தவிர வேறு எதையும் பார்க்காதவன். "ஞானம்மாகிட்ட சொல்லணும்" என்று சைக்கிளைக்கூட எடுக்காமல் ஓடினான்.

இவனா ராணுவ ஆலைக்குள் போவது? நாட்டைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதாகவே நம்பினேன். சத்தியமாக நம்பினேன். கார்டைப் பற்றி அவன் கேட்ட கேள்வியும் உள்ளே ஒரு மூலையில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கே எங்கள் பகுதி போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். கார்டைப் பற்றி மூச்சுவிடாமல், அதில் இருந்ததை எல்லாம் எழுதினேன். எழுத்து அடையாளம் தெரியாமல் இருக்க முழுவதும் இடது கையால். எங்கள் ஊர் முத்திரை விழக்கூடாது என்று பஸ் பிடித்து சிங்கப்பெருமாள் கோவில் போய், ரயில்வே ஸ்டேஷன் வாசல் தபால் பெட்டியில் போட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு திரும்பினேன்.

போலீஸ் ஜீப் வந்தது. ஊர்ப் பெரிய மனிதர் என்று என்னையும் சாட்சிக்கு அழைத்துப் போனார்கள். அந்த வீட்டு வாசலில் நின்றபோது எனக்குக் கால் நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது.

"யாருய்யா அந்த இருபத்து நாலு பேரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கிறிஸ்துதாஸ் தகரப் பெட்டியைத் திறந்து பஞ்சை விலக்கினான். "இவங்கதான் சார்."

"படை போட்டாச்சாமே, எங்க அந்தப் படை?"

"அவங்க மேலதான் சார் கீது."

இன்ஸ்பெக்டர் முறைத்தார். ஞானம்மா முன்னால் வந்து, "ஒடம்புல வருமே சார், சொறி படை, அது மாதிரி. நான்தான் சார் அப்டி பேரு வெச்சேன்" என்று அழுதுகொண்டே சொன்னாள். இன்ஸ்பெக்டர் ஒரு சிப்பாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலில் கிடந்த வைக்கோலில் வைத்துவிட்டு நாலு எட்டு நகர்ந்து திரும்பினார். ஆளைக் காணோம். மிதித்துவிடுவோமோ என்று பயந்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "யோவ், நீயே வந்து எடுய்யா" என்று கத்தினார். கான்ஸ்டபிள்கள் எல்லாம் சிரித்தார்கள்.

போகும்போது சொன்னார். "உன் மேல தப்பு இல்லய்யா. ஆனா பெட்டிஷன்னு ஒண்ணு வந்துட்டா மேல எழுதித்தான் ஆகணும்."

மேலே எழுதி, மேலிருந்து கீழே வர நாலு மாசம் ஆனது. முப்பது நாள் கெடு எப்போதோ முடிந்து, அந்த வேலை பட்டியலில் அடுத்து இருந்தவனுக்குப் போய்விட்டது. அடுத்து இருந்தவன் யார் தெரியுமா? ஞானம்மாவின் தம்பி மைக்கேல்ராஜ். அவனும் பெயின்டர்தான். அவன் குடியிருந்தது சிங்கப்பெருமாள் கோவிலில்.

மொட்டைக் கடுதாசி உறையின் மேலிருந்த சிங்கப்பெருமாள் கோவில் முத்திரையைக் கிறிஸ்துதாஸ் விசாரணையில் பார்த்திருந்தான். அது போதாதா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சிப்பாய்களை எல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனவனாயிற்றே. ஞானம்மா அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சண்டை போடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பலகாரத்தோடு வந்தவன், வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். என் கடையைத் தாண்டித்தான் போனான். நான் சர்க்கரை மடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பொட்டலத்தை எடுத்தேன்.

கிறிஸ்துதாஸ் மறுபடி போர்டு எழுதினான். மேஜர் இருந்தவரை சிப்பாய்களுக்குப் படை போட்டான். யாரையும் நம்பாதவனாக ஆகிவிட்டான். ஊரில் ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பான். என்னைப் போலவே ஆகிவிட்டான் என்று எனக்குத் தோன்றும். என் முகத்தை மட்டும் அந்த வெளியூர் முத்திரை காப்பாற்றியது.

பன்னிரண்டு வருஷம் போனது. எண்பத்தைந்தில், தபால் ஆபிஸ் போர்டில் பின்கோடும் இருக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். கிறிஸ்துதாஸைக் கூப்பிட்டு, ஒரு சீட்டில் ஆறு எண்களையும் எழுதிக் கொடுத்தேன். வாங்கியவன் ஏணியில் ஏறவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வீட்டுக்குப் போனான். திரும்பி வந்து, சீட்டைக் கல்லாவின் மேல் வைத்து, அதன் மேல் ஒரு சிப்பாயை நிறுத்தினான். படை போட்ட சட்டை. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

"மேஜர் தலை அனுப்பாமயே பூட்டாரு. இத்த நீங்க வெச்சிக்கங்க."

"எனக்கு எதுக்குப்பா?"

"மொட்டைக் கடுதாசி எழுதனவருக்கு மொட்டை ஆளு."

சீட்டை உருவப் போனேன், அவன் விரலால் அழுத்திக்கொண்டான்.

"அந்தக் கவர்ல கீழ ஆறு நம்பர் இருந்துச்சி. ஏதோ சர்க்கார் நம்பர்னு உட்டுட்டேன். எழுத்தெல்லாம் கோணல், நம்பர் மட்டும் குண்டு குண்டா. ரெண்டுக்கு வால் சுருட்டி, அஞ்சுக்குத் தொப்பி தனியா வெச்சி. நான் போர்டு எழுதறவன் மாஸ்டரே, ஒரு எழுத்தைப் பாத்தா மறக்காது. அப்ப இந்தச் சுத்துவட்டாரத்துல பின்கோடு எழுதற ஆளு வேற யாரு?"

உண்மைதான். பின்கோடு வந்து ஆறேழு மாசம்தான் ஆகியிருந்தது அப்போது. எல்லாரையும் எழுதச் சொல்லுங்கள் என்று எங்களுக்கு உத்தரவு. ஊரில் ஒருவரும் எழுதவில்லை, நான் மட்டும் எழுதினேன். போலீஸ் ஸ்டேஷனுக்கும் எங்களுக்கும் ஒரே எண். மொட்டைக் கடுதாசியின் முகவரியை முடித்ததும் பழக்கதோஷம், பேனா தானாக வலது கைக்கு மாறிவிட்டது. மாறியது அன்றைக்கு எனக்கே தெரியாது.

"வேலை போனது போவட்டும்" என்றான். "என் மச்சானை இத்தினி வருசம்..." பெயின்ட் டப்பாவைக் கையில் எடுத்தான்.

"நான் அவனுக்கு விவரமா ஒரு கார்டு போட்டுடறேன்பா" என்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

"கார்டு வாணாம். நீங்களே போங்க. போய் வாயால சொல்லுங்க."

சொல்லிவிட்டு ஏணியில் ஏறினான். பின்கோடை எழுதிவிட்டுத்தான் இறங்கினான். அவனுடைய அச்சடித்தாற்போன்ற எண்களில் எழுதவில்லை. என் கையெழுத்தை அப்படியே பெரிதாக்கி, சுருட்டிய வாலும் தனித் தொப்பியுமாக எழுதியிருந்தான். கேட்டவர்களிடம், "மாஸ்டர் நம்பர் அழகா எழுதறாரு, அதான்" என்றான். அதன் அடியில்தான் நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை சிங்கப்பெருமாள் கோவில் பஸ் ஏறினேன். மைக்கேல்ராஜ் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. போஸ்ட்மாஸ்டர் தானே வீடு தேடி வந்தால் தந்தி, தந்தி என்றால் சாவு. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"அக்காவா?" என்றான். டிபன் பாக்ஸ் கையிலிருந்து நழுவியது. "சொல்லுங்க மாஸ்டரே, எங்க அக்காவுக்கு இன்னா ஆச்சி?"

"அக்காவுக்கு ஒண்ணும் இல்லப்பா. நல்லா இருக்காங்க."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்க அழுதான். நின்றுகொண்டே சொல்லத் தைரியம் வராமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கடுதாசியை எழுதினது நான்தான்பா" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"எந்தக் கடுதாசி?" என்றான்.

அக்கா ஏன் கதவைச் சாத்தினாள் என்பதை அவனுக்கு அதுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை.