கதிரை விழுந்த கூட்டம்

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு கோப்பு இருக்கிறது. பிரதேச செய்தியாளனாக நான் அனுப்பி, அச்சில் வந்தவற்றை வெட்டி ஒட்டிய கோப்பு. பெரும்பாலும் உள்பக்கத்து மூலைச் செய்திகள். யானை வந்து நெல்லைத் தின்றது, குளக்கட்டு உடைந்தது, சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரத்துக்கு விசேட பஸ் ஓடும் என்பவை. அவற்றின் நடுவே ஒன்றே ஒன்று முன்பக்கத்தில் வந்தது, படத்தோடு. படத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை, சீமெந்து நிலத்தில் கால்களை நீட்டிக்கொண்டு சரிந்து கிடக்கிறது. பின்னால் கரும்பலகையின் கீழ்ப்பாதியும் சில பெண்களின் சேலைக் கரைகளும் தெரிகின்றன. மேலே தடித்த எழுத்தில் "பாடசாலை அபிவிருத்திச் சங்கத் தெரிவில் கைகலப்பு" என்று இருக்கிறது. அன்று காலை மன்னார் பஸ் நிலையத்துக் கடையில் ஆறு பிரதிகள் வாங்கினேன். தோட்டவெளியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் வீடு வீடாகக் காட்டித் திரிந்தேன். இப்போது ஒன்றுதான் மிச்சம். அதை எரிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை.

அந்தச் செய்தியில் பெயர் அடிபட்டவரை நான் செயலாளர் அக்கா என்றே அழைத்தேன். அவர் செயலாளராக இருந்தது பதினொரு நாள். அதற்கு முன்னும் பின்னும் அவர் நறுவிலிக்குளம் தாண்டி உள்ளே போகும் ஒரு சின்னக் கிராமத்தில், கணவனோடு சேர்ந்து துண்டு வயல் செய்கிற பெண். என் தொலைபேசி இலக்கத்தை யாரிடமோ வாங்கி ஒருநாள் மத்தியானம் அழைப்பு எடுத்தார். பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, பிறகு ஊரையே இன்னொருமுறை சொன்னார். இலவசமாக ஏதோ கேட்கப்போகிறவரின் தயக்கம் அது.

"தம்பி, எங்கட பள்ளிக்கூடத்தில வாற கிழமை அபிவிருத்திச் சங்கத் தெரிவு. நான் செயலாளருக்குக் கேக்கிறன். நீங்கள் ஒருக்கா வந்து சும்மா நிண்டாக் காணும். பேப்பர்காரர் நிண்டா அவை கொஞ்சம் ஒழுங்கா நடப்பினம்."

ஒரு கிராமத்துப் பாடசாலைச் சங்கத் தெரிவுக்குச் செய்தியாளனைக் கூப்பிடுவது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இந்தச் சங்கத்துக்குத் தலைமை ஆசிரியரான அதிபர்தான் தலைவர். பெற்றோரில் ஒருவரைச் செயலாளராகத் தெரிந்தெடுப்பார்கள். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், கையைத் தூக்குவார்கள், சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதில் என்ன செய்தி என்று கேட்டேன். அப்போதுதான் அவர் விளங்கப்படுத்தினார்.

அந்தப் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பு வரைதான் இருந்தது. பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டுமானால் பற்றைக்காட்டு வழியே ஏழு மைல். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது. மாரியில் வெள்ளம், கோடையில் யானை. பெடியன்கள் சைக்கிளில் போய்விடுவார்கள். பெட்டைகள் ஒன்பதோடு நின்றுவிடுவார்கள். பத்தாம் வகுப்புத் திறக்கச் சொல்லி விண்ணப்பம் எழுதி ஆயத்தமாக இருந்தது. சங்கச் செயலாளர் கையெழுத்து வைத்து வலயக் கல்விக் கந்தோருக்குக் கொண்டுபோய், விடாமல் பின்னால் திரிய வேண்டும். ஏற்கெனவே செயலாளராக இருந்தவர் அதைச் செய்யவில்லை. அவருடைய பிள்ளைகள் மன்னார் ரவுணில் படித்தார்கள். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி அழைப்பிதழில் பெயர் வருவதும் மேடையில் மாலை விழுவதும் அவருக்குப் போதுமாக இருந்தது. அக்காவின் மூத்த மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அக்கா தானும் பத்தாம் வகுப்பில் இடம்பெயர்ந்து, முகாமில் படிப்பை விட்டவர். "எனக்குச் சண்டையில போச்சுது. என்ர பிள்ளைக்கு என்னத்தில போகவேணும்?" என்று கேட்டார். நான் வருவதாகச் சொன்னேன்.

ஒழுங்கு ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய செயலாளரின் அண்ணனிடம்தான் அந்தப் பக்கத்தின் வெட்டு மெசின் இருந்தது. ஊரில் அவரை மெசின்காரர் என்பார்கள். நெல் விளைந்து நிற்கும்போது மெசின் யாருடைய வயலில் முதலில் இறங்கும், யாருடைய வயலில் கடைசியில் இறங்கும் என்பது அவர் கையில். கடைசி என்றால் மழைக்குள் வெட்டு. மெசின்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய தம்பிக்கு எதிராக எந்தத் தாய் கையைத் தூக்குவாள்? கை தூக்கிய தெரிவெல்லாம் அதனால்தான் ஒரே மாதிரி முடிந்தது. அக்கா வாக்கைத் துண்டில் எழுதக் கேட்கப்போகிறார். அதற்குத்தான் நான் சாட்சி.

கூட்டம் பிற்பகல் நடந்தது. கொப்பியின் நடுத்தாள்களைக் கிழித்துத் துண்டாக்கி அக்காவே கொண்டுவந்திருந்தார். துண்டுகளைப் போட ஒரு பிஸ்கற் பேணியும் கொண்டுவந்திருந்தார். அவர் எழும்பி, துண்டில் வாக்கெடுக்கலாம் என்று சொன்னதும் மெசின்காரர் கதிரையில் இருந்தபடியே சிரித்தார். "இதென்ன பாராளுமன்றத் தேர்தலே? கையைத் தூக்கினா அலுவல் முடிஞ்சுது" என்றார். அதிபர் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். பின்வரிசையில் யாரோ ஒரு தாய், முகத்தைக் காட்டாமல், "துண்டு தாங்கோ சேர்" என்றார். பிறகு இன்னொருவர். பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் முணுமுணுத்தார்கள். அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் நடந்த சலசலப்பு முழுவதும் அதுதான்.

எழுதத் தெரியாதவர்கள் அக்காவுக்கு ஒரு கோடு, மற்றவருக்கு இரண்டு கோடு கீறலாம் என்று அதிபர் சொன்னார். பெண்கள் சோதனையில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாத மாதிரி இடக்கையால் மறைத்து மறைத்துக் கீறினார்கள். எண்ணி முடித்தபோது அக்காவுக்கு மற்றவரைப் போல் இரண்டு மடங்கு வாக்கு. மெசின்காரரும் தம்பியும் அவர்களோடு வந்த நாலைந்து பேரும் எழும்பி வெளியே போனார்கள். கத்தவில்லை, கை நீட்டவில்லை. போகிற வழியில் மெசின்காரர் அக்காவைப் பார்த்து, "சரி, பாப்பம்" என்று மட்டும் சொன்னார். அந்த நேரத்தில் ஒரு கதிரை படாரென்று விழுந்தது. ஒரு குழந்தை அழுதது, இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கதிரையைப் படம் எடுத்தேன்.

அன்று மாலை செய்தியை அனுப்பினேன். சலசலப்புக்கு மத்தியில் பெண் ஒருவர் தெரிவு என்றுதான் எழுதியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பத்திரிகைக் கந்தோரிலிருந்து செய்தி ஆசிரியர் எடுத்தார்.

"கதிரைப் படம் நல்லாயிருக்கு. ஆனா சலசலப்பு எண்டு போட்டிருக்கிறீர். அடிபாடு ஒண்டும் இல்லையோ?"

"பெரிசா இல்லை, சேர்."

"கதிரை விழுந்திருக்குத்தானே. கைகலப்பு எண்டு போடட்டோ? அப்பதான் முன்பக்கத்துக்குப் போகும்."

நான் ஓம் என்றேன். 'பெரிசா இல்லை' என்று சொன்னதே முதல் பொய். அங்கே சின்னதாகவும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது பொய்க்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. ஆறு வருடம் யானைச் செய்தி எழுதியவனுக்கு முன்பக்கம் என்றால் எப்படி இருக்கும் என்று சொல்லி நியாயம் தேட எனக்கு விருப்பமில்லை. ஆசை வந்தது, சொன்னேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் இணையத்தளங்கள் அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டன. ஒருமையில் விழுந்த கதிரை அங்கே பன்மையாகிப் பறந்தது. பின்னேரம் முகநூலில் பெண் வேட்பாளரின் ஆட்கள் அட்டகாசம் என்று வந்தது. ஒருவரும் அந்த ஊருக்குப் போகவில்லை, ஒருவரும் அக்காவைக் கேட்கவில்லை. கீழே கருத்து எழுதியவர்கள், இவளவைக்கு வீட்டில் சமையல் இல்லையோ என்று கேட்டார்கள். அக்காவின் கணவர் சந்திக் கடைக்குப் போனால், பெண்சாதியின் கதிரை தூக்குகிற கை எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்களாம். பத்தாம் வகுப்பைப் பற்றி எந்தச் செய்தியிலும் ஒரு வரி இல்லை. என் செய்தியில் இருந்த ஒரு வரியையும் இடம் போதாதென்று வெட்டியிருந்தார்கள்.

பதினோராம் நாள் வலயக் கல்விக் கந்தோர் தெரிவை நிறுத்திவைத்து விசாரணைக்கு அழைத்தது. அக்கா எனக்கு எடுத்தார். அவருடைய குரலில் அப்போதும் கோபம் இல்லை.

"தம்பி, வெள்ளிக்கிழமை வரட்டாம். கதிரையை ஆர் தூக்கி எறிஞ்சது எண்டு கேக்கினம். நீங்கள் வந்து அது எப்பிடி விழுந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்களாச் சொன்னாத்தான் உங்களுக்கு மரியாதை."

அந்தக் கதிரையைத் தட்டியது என் கால். வெளியே போகிறவர்களை முழுதாகப் படத்துக்குள் கொண்டுவரப் பின்னுக்கு நகர்ந்தபோது குதிக்கால் பட்டு விழுந்தது. எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா மட்டும் என் பக்கம் திரும்பி நின்றார். நான் தட்டியதையும், பிறகு குனிந்து அதையே படம் எடுத்ததையும் அவர் கண்டார். ஒரு புன்சிரிப்புக்கூடச் சிரித்தார்.

வருகிறேன் என்று அவருக்குச் சொன்னேன். வெள்ளிக்கிழமை விடிய மோட்டார் சைக்கிளை எடுத்து முசலிப் பக்கம் ஒரு கட்டடத் திறப்பு விழாவுக்குப் போனேன். அந்த விழாவுக்கு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. தொலைபேசியை நிறுத்திவைத்தேன். உண்மையைச் சொன்னால் செய்தியாளர் அட்டையைப் பறித்துவிடுவார்கள் என்று பயம். அதைவிடப் பெரிய பயம், ஆறு பிரதி வாங்கிக் காட்டித் திரிந்த ஒழுங்கையில் தலைகுனிய வேண்டும் என்பது. அன்றைய விழாவில் கொடுத்த றோல்ஸைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது நன்றாக நினைவிருக்கிறது.

விசாரணையில் நடந்ததைப் பின்னர் அதிபர்தான் சொன்னார். கதிரை எப்படி விழுந்தது என்று கேட்டபோது அக்கா அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்த்தாராம். கடைசியில், "அது தன்பாட்டில விழுந்தது" என்றாராம். விசாரித்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பத்திரிகையில் வந்த படம் மேசைமேல் இருந்தது. தெரிவு இரத்தாகி, பழையவர்களே தற்காலிகமாக நடத்த விடப்பட்டார்கள். தற்காலிகம் இன்னும் முடியவில்லை. அக்கா கையெழுத்து வைத்த விண்ணப்பம், பெற்றோரிடையே இணக்கம் ஏற்பட்டபின் பரிசீலிக்கலாம் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்தப் போகம் மெசின் அக்காவின் வயலில் கடைசியாக இறங்கியது, மழைக்குள். மகள் அடுத்த தை மாதம் ஒன்று விட்ட ஒரு நாள் என்று மூன்று கிழமை பத்தாம் வகுப்புக்குப் போனாள். பஸ் வராத ஒரு நாள் பற்றைக்குள் யானையைக் கண்டு, புத்தகப் பையை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். பிறகு போகவில்லை. அவளோடு ஒன்பதாம் வகுப்பில் இருந்த மற்ற இரண்டு பெட்டைகளும் போகவில்லை.

இதெல்லாம் நடந்து ஏழு வருடம். இந்த வருடம் பத்திரிகைக் கந்தோரில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மூத்த செய்தியாளர் என்றார்கள். உங்கள் முதல் முன்பக்கச் செய்தியைப் பற்றி எழுதித் தாருங்கள் என்றார்கள். பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் விடிய மன்னார்ப் பாலம் கடந்து அக்காவின் ஊருக்குப் போனேன்.

அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டார். "வாங்கோ தம்பி" என்றார், நேற்று வந்துபோனவனைச் சொல்வது போல. மகள் உள்ளேயிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தாள். இருபத்தொரு வயதுப் பெண், வேலைக்குப் போக உடுத்து நின்றாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கால் பட்டதை, ஓம் என்றதை, முசலிக்கு ஓடியதை. அக்கா தும்புத்தடியில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? எனக்குத் தெரியும்தானே. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். அண்டைக்குக் கேட்டவையளுக்கெல்லோ சொல்லியிருக்க வேணும். பொழுதுபடுமட்டும் வாசலைப் பாத்தனான், இப்ப வருவியள் இப்ப வருவியள் எண்டு."

"நான் எழுதுறன் அக்கா. நடந்ததை அப்பிடியே பேப்பரில எழுதுறன்."

"எழுதுங்கோ. எழுதினா பிள்ளைக்குத் திரும்பப் பதினாலு வயசு வருமோ?"

ஒழுங்கை முகப்பில் ஹோர்ன் சத்தம் கேட்டது. ஆடைத் தொழிற்சாலை பஸ். மகள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அந்த ஊரிலிருந்து ஏழெட்டுப் பெட்டைகள் ஏறினார்கள். அக்கா பஸ் போகிற புழுதியைப் பார்த்துக்கொண்டு, "பள்ளிக்கூடத்துக்கு வராத பஸ். இப்ப ஒரு நாள் பிந்தாது" என்றார். பிறகு மிச்ச முற்றத்தைக் கூட்டத் தொடங்கினார். நான் போகலாம் என்பது அதன் பொருள்.

வீட்டுக்கு வந்து கோப்பை இறக்கினேன். பழைய தொலைபேசியின் நினைவட்டையையும் தேடி எடுத்து, அந்தப் படத்தின் மூலப் பிரதியைத் திறந்து பத்திரிகைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே சிவப்புக் கதிரை, அதே கரும்பலகை, அதே சேலைக் கரைகள். ஒரு வித்தியாசம்தான். மூலப் படத்தின் இடது மூலையில், கதிரையின் காலோடு ஒட்டியபடி, ஒரு மண்ணிறச் செருப்பின் முனை தெரிகிறது. அது என்னுடையது. அந்த முனை விசாரணை மேசைக்குப் போயிருந்தால் அக்கா ஒன்றும் பேசியிருக்கத் தேவையில்லை. பத்திரிகையில் வந்த படத்தில் அந்த மூலை இல்லை. அதை வெட்டியது செய்தி ஆசிரியர் அல்ல. அனுப்புவதற்கு முன் நான் வெட்டினேன்.