மட்கார்டும் மாமியார் ஊர் மண்ணும்

ஐம்பதை நெருங்குகிற ஆள் பெரிய டூரிங் பைக் வாங்கினால் பெரம்பலூரில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். பெட்ரோல் பங்க்கில் கேட்டார்கள், டீக்கடையில் கேட்டார்கள், அரியலூரில் என் ஆபீஸ் வாட்ச்மேனும் கேட்டார்: "பையன் வண்டிங்களா சார்?"

எனக்கு இருப்பது ஒரே மகள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். பைக் பேச்சை எடுத்தாலே கொட்டாவி விடுவாள். முதலில் எல்லோருக்கும் நின்று விளக்கம் சொன்னேன். பிறகு, "ஆமாங்க, லீவுக்கு வருவான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பழகிக்கொண்டேன். இல்லாத மகனின் வண்டியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் தகப்பன் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர்.

உண்மையில் வண்டி வாங்கியதே மனைவிக்காக. அவளைப் பின்னால் உட்காரவைத்து தனுஷ்கோடி வரை போக வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கே போனாலும் பஸ்தான். அவளுக்கு ஜன்னலோரம், என் மடியில் பை. இந்த ஒரு பயணத்திலாவது எங்கள் முன்னால் டிரைவர் முதுகு இருக்கக் கூடாது என்பது என் ஆசை. ஆனால் வண்டி வந்து மாதங்கள் ஆகியும் பின் சீட்டில் உட்கார்ந்தது என் மழைக்கோட்டு மட்டும்தான்.

காரணம் பின் மட்கார்டு. அதை மட்கார்டு என்று சொல்வதே மரியாதைக்காக. கம்பெனிக்காரர்கள் அழகுக்காக வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, குட்டையாக வெட்டி, வாலறுந்த சேவல் மாதிரி விட்டிருந்தார்கள். அரியலூர் ரோட்டிலோ சுண்ணாம்புக்கல் லாரிகள் சிந்திக்கொண்டே போகும். வெயில் நாளில் அது மாவு. மழை நாளில் கஞ்சி. தினமும் ஆபீஸ் போய் வரும்போது அந்தக் கஞ்சியைச் சக்கரம் வாரி என் இடுப்பிலிருந்து பிடரி வரை ஒரு கோடு போட்டுவிடும். காய்ந்தால் பூச்சு வேலைதான்.

ஒருநாள் மனைவி என் சட்டையைச் சுவரில் தட்டிப் பார்த்தாள். சத்தம் வந்தது. "ஏங்க, இத நான் தொவைக்கணுமா, கொத்தனாரக் கூப்புடணுமா?" என்றாள். அப்போதே தீர்ப்பும் வந்தது. "செட்டிகுளம் கோயிலுக்கு ஒருதடவை கூட்டிட்டுப் போங்க. வண்டி தெறிச்சு எஞ்சீலையில ஒரு பொட்டு சேறு பட்டுச்சுன்னா, தனுஷ்கோடிக்கு நீங்க உங்க மழைக்கோட்டோட போயிட்டு வாங்க."

அன்றே பட்டறைக்குப் போனேன். அரியலூர் ரோட்டில் டிராக்டர் டிரெய்லருக்குப் பாடி கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். என் வயதுதான், என்னைவிடச் சத்தமாகப் பேசுவார். வண்டியைச் சுற்றி வந்தார்.

"பையன் வண்டிங்களா?"

"என் வண்டிதான்."

"அப்ப சரி, இஷ்டத்துக்கு வெட்டலாம்" என்று கை தேய்த்துக்கொண்டார்.

என்னிடம் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டுக்காரர்கள் கராஜில் நின்று மட்கார்டு செய்யும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து என் கண்ணே சாணை பிடித்த மாதிரி சிவந்திருந்தது. சக்கரத்தை ஒட்டினாற்போல் வளைந்த ஒரு தகடு வேண்டும். பாடியில் தொங்கக் கூடாது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையிலேயே உட்கார்ந்து, சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கூடவே இறங்க வேண்டும், ஏறினால் ஏற வேண்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.

"எவ்வளவு கேப் வுடலாம் சார்?" என்றார்.

"விரல் போகக் கூடாது."

அவர் முகம் மலர்ந்தது. "டைட்டா வச்சிரலாம். தண்ணியே உள்ள வரணும்னா நம்மள கேட்டுட்டுத்தான் வரணும்!"

இப்படி எனக்கேற்ற ஆள் அமைவது அபூர்வம். எங்களில் ஒருவர் மண்டையில் உறைத்திருந்தாலும் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

கிரைண்டர் வாங்கிய அட்டைப்பெட்டியை வெட்டி அளவு எடுத்தோம். சாப்பாட்டு நேரம் போனது தெரியவில்லை. தகட்டை வளைப்பதும், வைத்துப் பார்ப்பதும், "இன்னும் ஒரு நூல்" என்று கழற்றுவதுமாகப் பொழுது சாய்ந்தது. பின்னால் நம்பர் பிளேட்டுக்குத் தனியாக ஒரு தாங்கி, கீழே ஒரு ரப்பர் மடல். எல்லாவற்றுக்கும் மினுக்கம் இல்லாத கறுப்புப் பெயிண்ட். பூசி முடித்ததும் சேவலுக்கு வால் முளைத்திருந்தது. ஆபீசில் பதவி உயர்வு வந்தபோதுகூட நான் இப்படித் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்ததில்லை.

பெயிண்ட் காய்ந்ததும் பரீட்சை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் பழைய காலண்டர் தாள்களை வெள்ளைப்பக்கம் தெரிய ஒட்டினோம். நான் கியர் போட்டுச் சக்கரத்தைச் சுழற்ற, அவர் சேற்றுத் தண்ணீரைக் குவளை குவளையாக டயருக்கு ஊற்றினார். தாளில் ஒரு துளி இல்லை! அவர் குவளையைத் தூக்கிப் போட்டுவிட்டு என் தோளில் அடித்தார். நானும் அடித்தேன். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் சண்டை என்று நினைத்து எழுந்துவந்தார்கள்.

ஐப்பசி மழை பெய்து விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செட்டிகுளம் கிளம்பினோம். மனைவி வேண்டுமென்றே வெளிர் மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். சோதனை என்றால் சோதனைதான். ரோடெல்லாம் தண்ணீர். ஒவ்வொரு பள்ளமும் எனக்குக் கொண்டாட்டம், தேடித்தேடி இறக்கினேன். "ஏங்க, ரோடு இந்தப் பக்கம் இருக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மலையடிவாரத்தில் இறங்கி முந்தானையை இழுத்துப் பார்த்தாள், முதுகைத் திருப்பி என்னைப் பார்க்கச் சொன்னாள். பாலில் குளித்த மாதிரி இருந்தது சேலை. முருகனிடம் அன்று நான் எதுவும் கேட்கவில்லை. மட்கார்டு செய்த மனிதன் கடவுளிடம் கேட்க என்ன இருக்கிறது?

அந்தத் திமிரோடு ரோட்டிலேயே திரும்பியிருக்கலாம். "எல்லா ரோட்டுக்கும் செஞ்ச வண்டி இது" என்று சொல்லி, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் திருப்பினேன். கரிசல் மண். முந்தின நாள் முழுக்க நனைந்த கரிசல்.

கொஞ்ச தூரம் போனதும் வண்டி கனத்தது. ஆக்சிலேட்டரைத் திருகினேன்; எஞ்சின் கத்தியது, சக்கரம் சுற்றவில்லை. டயரும் மட்கார்டும் தெரியவில்லை. நடுவில் கெட்டியாகக் கறுப்புக் களிம்பு. ஸ்டாண்டு போடாமலே வண்டி நேராக நின்றது.

எதிரே மொபெட்டில் ஒரு ஜோடி வந்தது. வண்டியில் மட்கார்டே கிடையாது. மழை பிடித்ததும் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, தை மாதம் மாட்டிக்கொள்வது இங்கே வழக்கம். இந்த ஊரில் பிறந்த நான் அதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்!

"மட்காடு போட்டுக்கிட்டா கரிசக்காட்டுல எறங்குனீங்க?" என்றார் அவர்.

பின்னாலிருந்த அம்மா, "வெளியூருங்களா இருக்கும், சும்மா வாங்க" என்று அவரை அடக்கினார். அதுதான் அதிகமாக வலித்தது.

மனைவி இறங்கினாள். கணுக்கால் வரை புதைந்தது. அவளுக்குப் பிறந்த வீடு உடையார்பாளையம் பக்கம். ஒரு காலைப் பிடுங்கினாள், செருப்பு வரவில்லை. எனக்கு தனுஷ்கோடி கண்ணெதிரே கடலில் மூழ்கியது.

"எங்கூரு செம்மண்ணு ஒட்டுனாலும் தட்டுனா வுழுந்துரும். இது என்னங்க, புடிச்சா வுட மாட்டேங்குது? அப்படியே உங்கம்மாவாட்டம்!"

சொல்லிவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சோளத்தட்டை ஒன்றை ஒடித்து மண்ணைக் குத்தினாள். தட்டை முறிந்தது. கடைசியில் ஸ்பேனரை எடுத்து நான் போல்ட்டுகளைக் கழற்ற, அவள் இரண்டு கையாலும் மட்கார்டை இழுத்தாள். பொத்தென்று அது வந்தபோது மண்ணோடு பின்னால் உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது என் கலைப்படைப்பு அவள் மடியில் இருந்தது. சேறு அவள் முதுகில் இருந்தது. ஊர் வரைக்கும் சக்கரம் வஞ்சகமில்லாமல் வாரி இறைத்தது. பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியதும் பையன் எங்களைப் பார்த்தான். வழக்கமான கேள்வி அவன் வாயில் வரவில்லை.

வீட்டு வாசலில் மனைவி முதுகைத் திருப்பிக் காட்டினாள். "எப்படியிருக்கு?"

"சொன்னா நீ வர மாட்டே."

கிணற்றடியில் காலைத் தேய்த்தாள். பிறகு கேட்டாள்: "தனுஷ்கோடியில என்ன மண்ணு?"

"மணலு."

"ஒட்டாதுல்ல?"

"ஒட்டாது."

"அப்ப அந்த ஆளுக்குப் போன் பண்ணுங்க. மட்காடை மூணு விரக்கடை தூக்கி வைக்கச் சொல்லுங்க. கூடவே எனக்குப் புடிச்சுக்க ஒரு கம்பியும் வெல்டிங் பண்ணச் சொல்லுங்க. உங்க சட்டையப் புடிச்சா சுண்ணாம்பு உதிருது."

நான் இன்னும் கை கழுவவில்லை. சேற்று விரலுக்குப் போன் திரை வேலை செய்யவில்லை. வேட்டியில் துடைத்துத் துடைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.