புகை வாசம் இல்லாத ரப்பர்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்களுக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு புகைக்கூடம் இருந்தது. கேரளாவிலிருந்து அரைகுறையாகக் காய்ந்த ரப்பர் ஷீட் லாரியில் வரும். என் வீட்டுக்காரர் அதை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, நாள்கணக்கில் புகை போட்டுக் காயவைத்துச் செருப்புப் பட்டறைகளுக்கு விற்பார். மாலையில் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்போதே புகை வாசம் வீட்டுக்குள் வந்துவிடும். சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அந்த வாசம் எனக்குப் பிடிக்கும் என்று அவரிடம் சொன்னதே இல்லை. சொன்னால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்.

பிடிக்காதது இருமல். முதலில் காலையில் மட்டும் இருந்தது. பிறகு ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடிக்க முடியாமல் ஆனது. புகையை விடாவிட்டால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ, "வெறகு இல்லாம ரப்பர் காயுமா?" என்று என்னையே கேட்டார்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சோலார் வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்து, நச்சரித்து, புகைக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை போட வைத்தேன். நேர் வெயில் பட்டால் ரப்பர் பிசுபிசுத்துவிடும். அதனால் கறுப்பு பெயிண்ட் அடித்த தகரத்துக்கு அடியில் காற்று சூடாகும். சோலார் பேனலில் ஓடும் ஃபேன் அந்தக் காற்றை அறைக்குள் தள்ளும். ஷீட் தேன் நிறத்தில் காய்ந்தது. சில வாரங்களில் இருமலும் மெல்ல அடங்கியது. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

வழக்கமாக எங்களிடம் வாங்கும் செருப்புப் பட்டறை பாய், வந்த சரக்கை மோந்து பார்த்தார். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் மூக்குதான் முதலில். புகை வாசம் இல்லையென்றால் காயவில்லை என்று முடிவு. மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரரும் ஒரு ஷீட்டை எடுத்து மோந்து பார்த்தார்.

"அவரு சொல்றது சரிதான். திங்கக்கெழமலருந்து வெறகு போட்டுடறேன்."

மறுபடியும் அந்த இருமலா என்று ஆத்திரம் வந்தது. பயமும்தான். மறுநாள் அவரிடம் சொல்லாமல் ஒரு ஷீட்டைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

"வாம்மா" என்ற பாய், ஷீட்டை வாங்கியதுமே மூக்குக்குக் கொண்டுபோனார்.

"மோந்தது போதும் பாய். வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. ஈரம் இருந்தா வெள்ள வெள்ளயாத் தெரியும்ல?"

வாசலுக்குப் போய்த் தூக்கிப் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை.

"நல்லாத்தாம்மா காஞ்சிருக்கு. வாசன வராததால இப்படிப் பாக்கவே தோணல" என்று சிரித்தவர், இவருக்கு போன் போட்டு, எல்லா ஷீட்டையும் அனுப்பச் சொன்னார். நான் அங்கே இருப்பதையும் சொல்லிவிட்டார்.

சற்று நேரத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. என்னை ஏற்றிக்கொண்டதும் ஆரம்பித்தார்.

"என்னக் கேக்காம எப்படி வந்த? இனிமே என்ன எவன் மதிப்பான்? யாவாரத்த நீயே பாத்துக்க, நான் ஊட்ல ஒக்காந்துக்கறேன்!"

வழிநெடுக விடாமல் திட்டினார். பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை, இருமவில்லை. வீடு நெருங்கிவிட்டது. எனக்கு இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது.

"பூ வாங்கணும், பெரிய மார்க்கெட் வழியாப் போங்க" என்றேன்.

அதற்கும் திட்டினார்.