குழலுக்குள் புரி

புட்டுக் குழலிலிருந்து புட்டு தட்டில் இறங்கும் நேரம் ராஜமணி அடுக்களை வாசலில் வந்து நின்றுவிடுவார். மனைவி எலிசாள் குச்சியால் தள்ளுவாள். புட்டு நேராக வந்து விழுந்து உடையும்.

"கண்டியா, புரி இல்லாத குழல். உள்ள திருகலா வரிப்பள்ளம் இருந்தா சுத்திக்கிட்டே வரும். சுத்துற பம்பரம் சாயாது, கேட்டியா."

"சுத்துனா தேங்காப்பூ செவருல தெறிக்கும். இருந்து தின்னுங்க."

கேரளத்து மலையோர ஊரான வித்துராவில் அவருக்கு மரச்சீனித் தோட்டம், மரவள்ளிக் கிழங்குதான், இருக்கிறது. உரிமத்தோடு ஒரு பழைய ரைபிளும் இருக்கிறது. பயிரைத் தோண்டும் காட்டுப்பன்றியைச் சுடப் பஞ்சாயத்து பட்டியலிட்டு வைத்திருக்கும் சிலரில் அவர் ஒருவர். வீட்டுக்கு வந்தவர் சாயா குடித்து முடிப்பதற்குள் துப்பாக்கி உண்டைப் பாடம் பாதி நடந்திருக்கும். மெலிந்த உண்டை பாய்ந்து போகும், ஆனால் காற்று தள்ளும். கனத்தது மெதுவாகப் போனாலும் பன்றியை நிறுத்தும். உண்டை நீளமானால் புரி நெருக்கமாக வேண்டும். ஈய மூக்கு உடம்புக்குள் விரிந்து நின்றுவிடும். முழுக்கச் செம்பு போர்த்தது மறுபக்கம் துளைத்துப் போய் அடுத்தவன் ரப்பர் மரத்தில் பால் எடுக்கும். பக்கத்துத் தோட்டத்து மகேஷ்குமாரின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் புரியே கிடையாது; பொடி உண்டைகளைத் தெளிக்கும். "அது தோக்கா? பூவாளி," என்பார்.

சாயங்காலமானால் துடைப்பு. இரும்புக் கம்பியில் துணி சுற்றிக் குழலின் வாய்வழியே விட்டுக் குடைவார். சுட்டாலும் துடைப்பார், சுடாவிட்டாலும் துடைப்பார். "பல்ல இப்படித் தேச்சிருந்தா எல்லாப் பல்லும் இருந்திருக்கும்," என்று எலிசாள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

இந்த வருடம் எந்தப் பன்றியும் விழவில்லை. உண்டை மோசம் என்றார். பொன்முடி மலைப் பனி என்றார். எலிசாள் அவர் குறி பார்க்கும் வலது கண்ணையே பார்த்தாள். கண் டாக்டரிடம் போவோம் என்றால் அவருக்குக் கோபம் வந்தது. கண் போனதென்று எழுதிவிட்டால் பஞ்சாயத்துப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

அதற்குள் பட்டியலில் உள்ளவர்கள் எல்லாரும் திருவனந்தபுரம் போலீஸ் மைதானத்துக்கு வந்து அதிகாரி முன்னால் சுட்டுக்காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எலிசாளும் கூடவே பஸ் ஏறினாள்.

ராஜமணி சுட்ட தாளில் உண்டைகள் மூலைக்கொன்றாகப் பட்டிருந்தன. துப்பாக்கி பழுதுபார்க்கும் போலீஸ்காரர் கிருஷ்ணகுமார் தாளைக் கையில் எடுத்தார். ஓட்டைகள் வட்டமாக இல்லை. வெண்டைக்காய் மாதிரி நீளமாகக் கிழிந்திருந்தன. குழலின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எந்தப் பக்கமா துடைக்கிறது?"

"வாய்ப்பக்கம்."

"இரும்புக் கம்பியா?"

"பின்னே?"

"வாய்கிட்ட புரி முழுக்கத் தேஞ்சுபோச்சு. உண்டை சுத்தாம, படுத்துக்கிட்டுப் போகுது."

வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். புரியைப் பற்றி இவ்வளவு பேசிய மனிதர் அதைத் தம் கையாலேயே துடைத்து எடுத்திருக்கிறார்.

மகேஷ்குமார் தன் துப்பாக்கியை நீட்டினான். "அண்ணன் வேற தோக்குல சுட்டுக் காட்டலாமே. வேணும்னா என் பூவாளிய எடுத்துக்கிடுங்க."

அதிகாரி சரி என்றார். ராஜமணி மகேஷ்குமாரைப் பார்க்காமல் வாங்கினார். சிதறாத ஒற்றை உண்டைத் தோட்டா போட்டார். அந்தத் துப்பாக்கி தூரம் எட்டாது என்று இலக்குத் தாளை இன்னும் கிட்டே நகர்த்தி வைத்தார்கள். சுட்டார். உண்டை நடுவட்டத்தில் பட்டது.

"கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல, பெயர் இருக்கட்டும்," என்றார் அதிகாரி.

"தோக்குக்குத்தான் கேடு. கண்ணு அண்ணைக்கும் இண்ணைக்கும் கழுகுக் கண்ணாக்கும்," என்று ராஜமணி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

எல்லாரும் தாளைப் பார்க்க முன்னே போனார்கள். எலிசாளும் போனாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். ராஜமணி நின்ற இடத்திலேயே தனியாக நின்றார். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தூரத்து மதிலில் எழுதியிருந்த அறிவிப்பை, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார்.