நடுவில் இருந்த அதிர்ஷ்டம்

வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு மறுப்பு மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். 'அன்ஃபார்ச்சுனேட்லி' என்று அடித்ததும் விரல் நின்றது. சின்ன வயதில் குடியிருந்த உப்பளத்து வீட்டின் மண்ணெண்ணெய் ஸ்டவ் வாசனை மூக்கில் ஏறியது.

அப்போது நான் ஆறாவது. அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. திரும்ப ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டிருந்தார். பதில் வந்தது. வீட்டில் இங்கிலீஷ் படிக்கிறவள் நான் ஒருத்திதான்.

கடிதத்தின் முதல் வார்த்தையே 'அன்ஃபார்ச்சுனேட்லி'தான். அகராதியை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். முன்னால் இருந்த 'அன்' என்றால் இல்லை. பின்னால் 'லி' வெறும் வால். நடுவில் 'ஃபார்ச்சூன்', அதிர்ஷ்டம். பிரெஞ்சு வழியாக வந்த சொல் என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் பிரெஞ்சு என்றாலே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்குப் பென்ஷன் வருகிற வீடு, நல்ல வாழ்வு.

"என்னா போட்ருக்கான் பாப்பா?"

'இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. "அதிர்ஷ்டம்னு போட்ருக்குப்பா" என்றேன்.

அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். சூடான ரொட்டியோடு வந்தார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"காலையிலயே மில் கேட்டுல வேலை இல்லன்னு சொல்லிட்டாங்க பாப்பா. எங்கிட்ட அதச் சொல்ல மனசு வராம நின்ன பாரு, அதுக்குத்தான் ரொட்டி. சாப்புடு."

அந்த ரொட்டியின் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

மெயிலை அழித்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கூப்பிடப் போனை எடுத்தேன். இந்த 'இல்லை'யையாவது நானே வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.