மயிலம் தாண்டாத கதை

அம்மா கண்மூடி ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர்களின் ஒரே மகள் பச்சையம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. துக்கம் விசாரிக்க வந்தபோது நீங்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னீர்கள்: "அவங்க ஊருக்கே அம்மா." கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அவர்கள் பெற்றது என்னை ஒருத்தியைத்தானே? ஊர் எங்கிருந்து பங்குக்கு வந்தது?

அம்மா பிறந்தது ஓமந்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், சாண் நிலமும் இல்லாத கூலிக் குடும்பத்தில். மணமாகி விழுப்புரம் வந்தார்கள். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா, நான் கைக்குழந்தையாக இருந்தபோதே வாந்திபேதியில் போய்விட்டார். அதன்பிறகு அம்மா மல்லாட்டை மண்டியில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துத்தான் என்னை வளர்த்தார்கள். விரல் நுனியெல்லாம் காய்ப்பேறி, என் கன்னத்தைத் தொட்டால் சொரசொரக்கும். யுத்த காலத்தில் அரிசி கிடைக்காதபோது, இருக்கிற கேப்பைக் கூழை எனக்கு ஊற்றிவிட்டு, மண்டியிலேயே சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொல்வார்கள். யாரிடமும் கடிந்து ஒரு சொல் பேசியதில்லை. என்னிடம் மட்டும் பேசியிருக்கிறார்கள்.

மண்டியில் பெண்கள் கை ஓயாமல் உடைத்துக்கொண்டிருக்க, அம்மா கதை சொல்வார்கள். கதை கேட்கிறவர் 'உம்' கொட்ட வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அம்மாவின் கதைக்கு உம் கொட்டுவது என் உரிமையாக இருந்தது. நான் கொட்டாவிட்டால் ராஜாவும் நகரமாட்டார், பேயும் நகராது. அதில் எனக்குக் கொள்ளைக் கர்வம்.

அதைப் பறிக்க வந்தவள் அஞ்சலை. பக்கத்து வீட்டுச் செங்கேணி சின்னம்மாவின் மகள், என்னைவிடச் சின்னவள். ஐந்து வயதாகியும் அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. காது நன்றாகக் கேட்கும், சொன்ன வேலையைச் செய்வாள், வாய் மட்டும் திறக்காது. நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்தார்கள். கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். கடைசியில் சின்னம்மா அவளை மண்டிக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அக்கா, இதுக்கு ஒரு வழி சொல்லுங்கக்கா. தெருவுல ஊமச்சின்னே கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க. நாளைக்கு இத்த யாரு கட்டிக்கினு போவாங்க?"

"அழுவாத. கொண்டாந்து எங்கிட்ட குந்த வையி. கத கேக்கட்டும்."

குந்த வைத்தது என் இடத்தில். அம்மா முதல் வரியைச் சொல்லி நிறுத்தினார்கள். பழக்கத்தில் நான் 'உம்' என்றேன். என் முகத்துக்கு நேராக அம்மாவின் உள்ளங்கை உயர்ந்தது.

"நீ கொட்டாத. இனிமே அது அவ உம்மு."

"அப்ப எனுக்கு?"

"உனுக்குத்தான் வாயி காது வரைக்கும் இருக்குதே! அவளுக்கில்ல தெறக்கணும்."

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அஞ்சலையோ வாயை மூடிக்கொண்டு மல்லாட்டைக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதை அங்கேயே நின்றது. மறுநாளும் அதே வரி, அதே இடத்தில் நிறுத்தம். அம்மா அவளைப் பார்க்கவும் மாட்டார்கள், கெஞ்சவும் மாட்டார்கள். அவர்கள் பாட்டுக்கு உடைத்துக்கொண்டிருப்பார்கள். கூட இருந்தவர்களுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாக்கா இது, பெரிய பேஜாரா இருக்குது! நாங்களாவது உம்மு கொட்டறோம், மேல சொல்லுங்க."

"ஒருத்தரும் கொட்டக்கூடாது. அவளுக்குக் கத வேணும்னா அவ கேப்பா."

ஒரு மத்தியானம் அஞ்சலையின் மூக்கிலிருந்து ஒரு 'ம்' வந்தது. அம்மா ஆகா ஓகோ என்று எதுவும் சொல்லாமல், தினமும் நடப்பதுபோல அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். செங்கேணி சின்னம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். 'உம்' என்பது அவ்வளவு பெரிய சொல்லா? பேச்சு வந்த நாள் முதல் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்காக எவர் அழுதார்?

பிறகு அம்மா வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் விடுவார்கள். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் துடிக்கும். அதையும் அஞ்சலைதான் சொல்ல வேண்டும். 'காக்கா' என்பதற்கு 'கா' என்றாலே போதும், கதை ஓடும். நாளடைவில் திக்கிப் பேசும் பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்டார்கள். மெதுவாகப் பேசு என்று அம்மா அவர்களை அதட்டமாட்டார்கள். தன் கதையையே மெதுவாக்கிக்கொள்வார்கள். அந்தப் பொறுமையில் ஒரு கைப்பிடி எனக்குக் கொடுத்திருக்கலாம்.

என்னைத் திண்டிவனத்தில் பெண்கள் தங்கிப் படிக்கும் பள்ளியில் சேர்த்தார்கள். "நல்லா பேசற புள்ள, படிச்சா முன்னுக்கு வரும்" என்றார்கள். பேசத் தெரிந்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை அது. நான் ரயிலேறினேன், அஞ்சலை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். விடுமுறைக்கு வந்தால் அவளிடம் புதிதாக ஒரு கதை இருந்தது. குட்டியைத் தொலைத்த ஆடு ஒன்று விழுப்புரத்தில் மல்லாட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டியில் ஏறி, விக்கிரவாண்டி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, "எங் குட்டியப் பாத்தீங்களா?" என்று கேட்கிற கதை. எனக்கு அம்மா சொல்லாத கதை அது. நானாகக் கேட்பேனா? அவர்களாகச் சொல்லட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன். படித்து, அதே திண்டிவனத்தில் ஆசிரியையாகி, அந்த வீம்பையும் கூடவே வைத்துக்கொண்டிருந்தேன்.

சுதந்திரம் வந்த பிறகு அம்மாவைப் பாரிச வாயு தாக்கியது. வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. நான் லீவு போட்டு ஓடிவந்தபோது, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அஞ்சலை எனக்கு முன்பே வந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் வழியிலேயே அம்மாவைப் பேசவைக்கலாம் என்று நான் கதை சொன்னேன். ஆனால் எனக்கு நிற்கத் தெரியவில்லை. "உம்முன்னு சொல்லும்மா, சொல்லும்மா" என்று பிடுங்கினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அஞ்சலை முருங்கைக்கீரை ஆய்ந்தபடி ஒரு வரி சொன்னாள், நிறுத்தினாள், கீரையை ஆய்ந்தாள். வெகுநேரம் கழித்து அம்மாவின் தொண்டையிலிருந்து 'ம்' என்று வந்தது.

பெற்ற மகளுக்கு வராதது அவளுக்கு வந்தது. தோட்டத்துப் பக்கம் அவளை இழுத்துப்போய்க் கேட்டேவிட்டேன்.

"இன்னும் எத்தினி நாளைக்குத்தான் எங்கம்மாவ நீயே வச்சிக்குவ?"

அஞ்சலை கோபப்படவில்லை. அவளுக்குப் பேச்சு எப்போதுமே நிதானமாகத்தான் வரும்.

"நீங்க எம்மேல காயறீங்க. நான் உங்கமேல காஞ்சிக்கினு இருந்தது உங்களுக்குத் தெரியாதுக்கா. அந்த ஆட்டுக் கதைய பெரிம்மா ஒருநாளும் எனுக்கு முழுசா சொன்னதில்ல. திண்டிவனத்துக்கு முந்தின ஸ்டேஷன், மயிலத்தோட நிறுத்திடுவாங்க. அப்பறம் இன்னா ஆச்சின்னு கேட்டா, 'குட்டி திண்டிவனத்துல படிக்குது, மீதிய அதுக்குத்தான் சொல்லணும்'னுவாங்க. நான் எத்தினி உம்மு கொட்டனாலும் வண்டி நகராது."

வாய் காது வரைக்கும் இருக்கிறவள், அங்கே கொட்டிக் கிடந்த கீரைக் காம்புகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றேன்.

சில நாள் கழித்து ஒரு காலை, கஞ்சி குடித்த அம்மா, கோணிய வாயால் தாமே தொடங்கினார்கள். "ஆடு... மயி...லம்..." நின்றது. அஞ்சலை உம் கொட்ட வாயெடுத்தாள். அம்மாவின் இடக்கை மெல்ல உயர்ந்தது. அதே உள்ளங்கை, இந்த முறை அஞ்சலையின் முகத்துக்கு நேரே. கண்கள் என்மேல் இருந்தன. நான் 'உம்' என்றேன். பிடுங்காமல் காத்திருந்தேன்.

"திண்..." என்றார்கள். அதற்குமேல் வரவில்லை. அந்த வாரமே எங்களை விட்டுப் போய்விட்டார்கள்.

அம்மாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், மண்டியில் வேலையை நிறுத்திவிட்டு வந்த பெண்களுக்கும், காரியம் முடியும்வரை எனக்குச் சோறாக்கிப் போட்ட செங்கேணி சின்னம்மாவுக்கும் என் நன்றி உரியது. கடைசிவரை கஞ்சி ஊட்டிய அஞ்சலைக்கும் நன்றி. இப்போது பேச்சு வராத பிள்ளைகளை அவளிடம்தான் கொண்டுபோய் விடுகிறீர்கள். நல்லது. அம்மாவின் கதைகளை எல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும். அந்த ஆட்டுக் கதையை மட்டும் அவளிடம் கேட்காதீர்கள். ஆடு திண்டிவனம் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு உம் கொட்டியவள் நான் ஒருத்திதான்.