மாலை போட்ட என் முகம்

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனர், ஓட்டலில் சப்ளையர், ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சில்லறை வேடம் என்று சுற்றிவிட்டு, இரண்டாயிரத்துக்குப் பிறகு பெங்களூர் அல்சூரில் மனைவியோடு ஒற்றை அறையில் குடியிருந்தேன். கன்னட சீரியல்களில் கூட்டத்தில் ஒருவனாக நிற்பேன். வசனம் கிடையாது.

ஒருநாள் ஒரு தினசரி சீரியலின் மேனேஜர் என் போட்டோ கேட்டார். கதாநாயகி விதவை. செத்துப்போன கணவன் என்று சுவரில் மாட்ட ஒரு முகம் வேண்டும்.

"ஃபிளாஷ்பேக் வரும் குரு. அப்ப நீதான் ஹீரோ. மூணு சீன், டயலாக்கோட," என்றார்.

கொடுத்தேன். பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலையும் போட்டார்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தப் பெண் என் முன்னால் நின்று அழுதாள்.

"இன்னாப்பா, செத்தப்புறம்தான் நல்லா கீற," என்றார் எங்கள் தெரு டீக்கடைக்காரர். நானும் சிரித்தேன். அத்தனை வருஷ நடிப்பில் என் முகம் யாருக்காவது நினைவிருந்தது அதுதான் முதல் தடவை.

ஒரு வருஷம் போயிற்று. ஃபிளாஷ்பேக் வரவில்லை. இடையில் நாடகக் குழுவோடு பெல்லாரிப் பக்கம் போய், காய்ச்சலில் படுத்துவிட்டேன். இருபது நாள் வீட்டுக்குத் தகவல் இல்லை. திரும்பி வந்தபோது மனைவி கதவைத் திறந்து, என் முகத்தைத் தடவினாள். நெற்றி, மூக்கு, தாடை.

"இருபது நாளும் ஏழு மணிக்கு உன்னைப் பாத்தேன். மாலையோட. நீ எங்க கீறேன்னு எனக்கு வேற சேதி இல்ல. அந்தப் படத்தை எறக்கச் சொல்லு."

"ஃபிளாஷ்பேக் வரட்டும். கொஞ்சம் பொறு."

"வந்தா மட்டும்? அதுலயும் நீ சாவத்தான போற."

மேனேஜரிடம் நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டதாகப் பொய் சொன்னேன். ஒரு வாரம் பார்த்தாள். படம் அங்கேயே இருந்தது.

மல்லேஸ்வரத்தில் ஒரு வாடகை வீட்டில்தான் ஷூட்டிங். ஃபிளாஷ்பேக் எப்போது என்று கேட்க நான் அங்கே போய் நின்றிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மாலையைக் கழற்றிக் கீழே போட்டாள். படத்தை இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

"யாரம்மா நீங்க?" என்றார் மேனேஜர்.

"இந்தாளு பொண்டாட்டி. தாலியோட கீறேன், பாத்துக்கோ."

வெள்ளைப் புடவையில் நின்ற நடிகை ஒதுங்கி வழிவிட்டாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படம் சுவருக்குத் திரும்பியிருக்கும். மனைவியின் பின்னாலேயே வெளியே நடந்தேன்.

அந்தக் கம்பெனி அதன்பிறகு என்னைக் கூப்பிடவில்லை. சுவரில் வேறொருவர் படம் வந்தது. அந்தப் பெண் அதே மாதிரி அழுதாள். டீக்கடைக்காரரைத் தவிர, ஆள் மாறியதை யாரும் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஃபிளாஷ்பேக் வந்தது. அந்தப் புதுப் படத்து மனிதர் ஸ்கூட்டரை நிறுத்தி உள்ளே வந்தார். கதாநாயகியிடம் பூப்பொட்டலம் கொடுத்தார். நன்றாகவே பேசினார். அடுத்த காட்சியில் லாரி மோதியது. அவர் வீட்டிலும் யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே விழுந்து கிடப்பது நானாக இருந்திருக்கலாம் என்ற ஏக்கம்தான் இருந்தது.

பக்கத்தில் திரும்பினேன். என் மனைவி டிவியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.